சவுக்காரச் செலவு

லிட்கம், சிட்னி
9.2.1975

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

முருகன் துணையால் சுகமாக வந்து சேர்ந்தேன். நீரும் யோகாவும் சுகந்தானே?

ரயிலில் விடிய விடியக் கதிரையில் இருந்தே வந்ததால் இடுப்பு, நாரி எல்லாம் பிடித்துவிட்டது. படுக்கைக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசு சட்டைப்பையில் இருக்கிறது என்று நினைத்ததும் நோ பாதி மாறிவிட்டது. அரியரத்தினம் அண்ணை ஸ்ரேசனுக்கு வந்திருந்தார். அவரும் பவளம் அக்காவும் தங்கள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகளோடு இரண்டு அறை வீடு, நான் எங்கே படுப்பது? இரண்டு தெரு தள்ளி ஒரு போலந்துக் கிழவியின் பின்னறையை எடுத்திருக்கிறேன். அண்ணை சொன்ன களஞ்சிய எழுதுவினைஞர் வேலை நாளை தொடங்குகிறது.

கிளேட்டன் வீட்டுக்காரர் மார்கழியோடு வீட்டை விற்கப்போகிறார் என்பது மனதில் நிற்கிறது. மெல்பேர்னில் என்னை வேலையால் நிற்பாட்டியவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தால் தெருவில்தான் நிற்போம். வருடம் முடியமுதல் ஒரு சின்ன வீட்டுக்கு முற்பணம் சேர்த்துவிட்டால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

கலியாணம் முடித்த நாள்தொடக்கம் உமக்குக் காட்டாமல் ஒரு சதமும் செலவழித்ததில்லை. இங்கேயும் அப்படித்தான். கிழமைக் கணக்கைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதுவேன், சரிபிழை பாரும்.

அறை 12 டொலர். சாப்பாடு 6. ரயில் 2.50. சவுக்காரம் 30 சதம். முத்திரை 10 சதம்.

யோகாவுக்கு என் முத்தம்.

அன்புள்ள,
கதிர்காமநாதன்

*

கிளேட்டன்
20.2.1975

அன்புள்ள யோகாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நாரிநோ மாறிவிட்டதா? நல்லெண்ணெய் போத்தல் உங்கள் பெட்டியில் இடப்பக்கம் இருக்கிறது, தேடிப்பார்த்தீர்களோ தெரியாது.

கணக்குப் பார்த்தேன். ஆறு டொலருக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? அதை ஐந்தாக்கலாம். சனிக்கிழமை கடை பூட்டுகிற நேரத்தில் போனால் பாணைப் பாதி விலைக்குத் தருவார்கள். மரக்கறிக் கடையில் கோவாவின் வெளி இலையை அவர்கள் எறிய முதல் கேளுங்கள், சும்மா தருவார்கள். வெட்கப்படாதீர்கள். தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் எந்த இலை என்று யாருக்குத் தெரியும்? பருப்பைக் கிழமைக்கு ஒருமுறை அவித்து வையுங்கள். ஆனால் அஞ்சுக்குக் கீழே போகவேண்டாம். மனிசன் மெலிந்து வந்தால் எனக்கு அந்தக் காசு வேண்டாம்.

ஆசுபத்திரி லோன்றியில் என்னை 'அழுக்குப் பக்கம்' மாற்றியிருக்கிறார்கள். துணி மடிக்கிற பக்கத்தைவிட மணித்தியாலத்துக்கு எட்டுச் சதம் கூட. கைதான் வெடிக்கிறது. யோகாவை மாடிவீட்டு இத்தாலிக்காரி பார்த்துக்கொள்கிறாள், பதிலுக்கு நான் அவளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கிறேன். பிள்ளை இப்போது எல்லாவற்றுக்கும் "நோ" என்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றும்போது உங்களுக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். களஞ்சியத்தில் வேலை பாரமா?

உங்கள்,
ரஞ்சிதம்

*

லிட்கம்
16.3.1975

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன். பதில் சுணங்கியதற்குக் கோபிக்க வேண்டாம், வேலை கூட.

ஈஸ்ரர் விடுமுறைக்கு வருகிறேன். பெரிய வெள்ளி காலையில் வந்து சேருவேன். ஸ்ரேசனுக்கு வரவேண்டாம், பஸ்காசு வீண்.

அறை 12. சாப்பாடு 3.10. ரயில் 2.50. சவுக்காரம் 1.40. முத்திரை 10 சதம்.

சம்பளம் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். கிழமைக்கு முன்பு சொன்ன நாற்பதுக்குப் பதில் அறுபது அனுப்புகிறேன்.

அன்புள்ள,
கதிர்

*

கிளேட்டன்
6.4.1975

அன்புள்ள யோகாவின் அப்பாவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நாங்கள் சுகம்.

நேரிலே கேட்க வாய் வரவில்லை. வந்த மூன்று நாளும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்காத மனிசனிடம் எதைக் கேட்பது? அதனால் எழுதுகிறேன்.

மூன்று டொலர் பத்துச் சதத்துக்கு ஒரு ஆம்பிளை ஏழு நாள் சாப்பிட முடியாது. நானும் கடைக்குப் போகிறவள். பாண், பால், பருப்பு, அரிசி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஆக மலிந்த விலையில் போட்டுப் பார்த்தேன். நாலு டொலர் நாற்பது. குறைக்கவே முடியாது. அப்படியென்றால் வேறெங்கோ ஒரு குசினியில் சாப்பிடுகிறீர்கள். யாருடைய குசினி?

சவுக்காரம் ஒரு டொலர் நாற்பது. நீங்கள் இங்கே இருந்தபோது மூன்று பேரும் குளித்து, உடுப்புத் தோய்த்து, சட்டி பானை கழுவியே அறுபது சதந்தான். ஒரு தனி ஆள் அவ்வளவு சவுக்காரத்தை என்ன செய்கிறார்? கணக்கில் எழுதாத ஓடிக்கொலோன் வாசனைப் போத்தலும் பெட்டியில் இருந்தது. பார்த்தேன். பார்க்கக்கூடாதென்றால் பூட்டி வைத்திருக்கலாம். யோகா என்ன சொன்னாள் தெரியுமா? "டாடி நைஸா மணக்கிறார், பட் ஹீ டின்ற் கேரி மீ." பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றது. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள்.

முன்பெல்லாம் இரண்டு நாள் எங்காவது போனாலும் ஊத்தை உடுப்பு மூட்டையோடு வருவீர்கள். இந்தமுறை எல்லாம் மினுக்கி, மடிப்புக் கலையாமல். அந்த மடிப்பு ஆம்பிளைக் கை மடிப்பில்லை.

பெரிய வெள்ளியன்று பின்னேரம் "விளக்கை ஏத்துங்கோ" என்றேன். "நீர் ஏத்தும்" என்றீர்கள். சுவாமிப்படம் இருக்கிற பக்கமே வரவில்லை. கலியாணத்துக்குப் பிறகு வீட்டில் இருந்த ஒரு வெள்ளிக்கிழமைகூட நீங்கள் விளக்கேற்றாமல் விட்டதில்லை. சுவாமிக்கு முன்னால் நிற்க முடியாதபடி என்ன செய்தீர்கள்?

உங்கள்,
ரஞ்சிதம்

*

லிட்கம்
4.5.1975

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாயிருப்பீர்கள்.

களஞ்சியத்தில் தூசு கூட. அதனால் சவுக்காரம். பசி குறைவு. அதனால் சாப்பாடு. விளக்கு விஷயத்தில் நீர் மனதைக் குழப்ப வேண்டாம், அன்றைக்குக் களைப்பு.

போன மாதம் இருநூற்றெழுபது டொலர் வங்கியில் போட்டிருக்கிறேன். மார்கழிக்கு முதல் வீடு வாங்குவோம். அதை நினைத்துச் சந்தோஷப்படும்.

அறை 12. சாப்பாடு 2.80. ரயில் 2.50. சவுக்காரம் 1.60. முத்திரை 10 சதம்.

அன்புள்ள,
கதிர்

*

கிளேட்டன்
12.5.1975

அன்புள்ள பவளம் அக்காவுக்கு,

நீங்களும் அண்ணையும் பிள்ளைகளும் சுகந்தானே? நாங்கள் கடவுள் கிருபையால் இருக்கிறோம்.

அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் சிட்னியில் எங்கே சாப்பிடுகிறார்? உங்கள் வீட்டில் என்றால் எனக்கு நிம்மதி, அரிசியும் பருப்பும் வாங்கி அனுப்பிவிடுவேன். உங்கள் வீட்டில் இல்லையென்றால் யார் வீட்டில்? தூசு என்கிறார். தூசுக்கு ஓடிக்கொலோன் பூசுகிற ஆளை நான் கண்டதில்லை. களஞ்சிய எழுதுவினைஞருக்கு ஒரு மாதத்தில் இருநூற்றெழுபது டொலர் எப்படி மிஞ்சுகிறது என்பதும் எனக்கு விளங்கவில்லை. யாரோ வாடகையும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, உடுப்பும் மினுக்கிக் கொடுக்கிறார்கள்.

நானும் ஒரு பெம்பிளை, நீங்களும் ஒரு பெம்பிளை. அண்ணைக்குச் சொல்லாமல் கண்டதை எழுதுங்கள். இந்தப் பிள்ளைக்காகக் கேட்கிறேன்.

அன்புள்ள தங்கை,
ரஞ்சிதம்

*

லிட்கம்
1.6.1975

அன்புள்ள தங்கச்சி ரஞ்சிதத்துக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். யோகாக்குட்டி வளர்ந்திருப்பாள்.

உம்முடைய கடிதத்தைப் பார்த்து எனக்கு நித்திரை இல்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்தால் பின்வளவுத் தண்ணிப்பைப்பில் அரை மணித்தியாலம் கைகால் கழுவிப்போட்டுத்தான் வாசலுக்கு வருவார். உள்ளே வந்து இருக்கச் சொன்னால், "இல்லை அக்கா, இதில இருக்கிறன்" என்று படியிலேயே இருந்துவிடுவார். ரசமும் ஒரு பிடி சோறும் கொடுப்பேன். பாதியை வைத்துவிடுவார்.

அதற்குமேல் என்னைக் கேட்காதேயும் பிள்ளை. எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் சத்தியம் வாங்கிப்போட்டார். தம்பி தன் வாயால் உமக்குச் சொல்லவேண்டிய விஷயம் இது. நான் சொன்னால் அது பெரிய பிழை. மனதைத் தளரவிடாதேயும்.

அன்புள்ள அக்கா,
பவளம்

*

கிளேட்டன்
15.6.1975

யோகாவின் அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பவளம் அக்காவிடம் கேட்டேன். சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறார்களாம். லிட்கம் முழுக்கத் தெரிந்த விஷயம் தாலி கட்டினவளுக்கு மட்டும் தெரியக்கூடாதோ? பிறத்தியார் வீட்டுக்குள்ளே போகக் கூசி வாசற்படியில் இருக்கிறீர்களாம். அவ்வளவு கூச்சம் எதனால் வரும்? நான் சின்னப்பிள்ளையில்லை.

அவள் யார்? வெள்ளைக்காரியா? அந்தப் போலந்துக் கிழவி என்று எழுதினீர்களே, உண்மையில் கிழவிதானோ? அறைக்குப் பன்னிரண்டு டொலர் என்று கணக்குக் காட்டுகிறீர்களே, அறை என்று ஒன்று இருக்கிறதோ? நான் லோன்றியில் நின்று கை வெடித்துச் சேர்க்கிறேன். பழைய பாணை வாட்டித் தின்கிறேன். நீங்கள் வாசனைச் சவுக்காரம் போட்டுக் குளிக்கிறீர்கள்.

நேற்று ரவுணுக்குப் போய்க் கொழும்புக்கு இரண்டு ரிக்கற் என்ன விலை என்று விசாரித்தேன். வங்கியில் கிடக்கிற காசில் முக்கால்வாசி போய்விடும். போகட்டும். வீடு யாருக்கு? பிள்ளையோடு யாழ்ப்பாணத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். உண்மையை எழுதினால் எழுதுங்கள். பொய்யென்றால் முத்திரையை மிச்சம் பிடியுங்கள்.

யோகாவின் அம்மா

*

லிட்கம்
13.7.1975

ரஞ்சிதத்துக்கு,

சுகம். இதோடு காசோலை வைத்திருக்கிறேன்.

நீர் நினைப்பதுபோல் இல்லை. இந்தமுறை கணக்கு எழுதவில்லை. எழுதினால் நம்பமாட்டீர். மார்கழி மட்டும் பொறும். அதற்குப் பிறகு எல்லாம் சொல்லுகிறேன்.

கதிர்

*

கிளேட்டன்
10.8.1975

யோகாவின் அப்பாவுக்கு,

பத்து டொலர் கட்டி ரிக்கற் பதிந்துவிட்டேன். செப்ரெம்பர் இருபதாம் திகதி சனிக்கிழமை.

வழியனுப்ப வருவதென்றால் வாருங்கள். வந்தால் பிள்ளையை ஒருதரம் தூக்குங்கள். ஈஸ்ரரிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், அப்பாவுக்குத் தன்னில் என்ன கோபம் என்று.

யோகாவின் அம்மா

*

லிட்கம்
31.8.1975

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

நான் சுகமில்லை. முதல்தரம் உண்மையை எழுதுகிறேன்.

பெண் யாருமில்லை. முருகன்மேல் ஆணையிடுவேன், ஆனால் அந்தப் பெயரை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

வந்த அடுத்தநாள் களஞ்சியத்துக்குப் போனேன். முந்தின கிழமையே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். இரண்டு கிழமை தெருத்தெருவாய் அலைந்தேன். நீர் கோவா இலை கேட்டு வாங்கச் சொல்லி எழுதிய நேரம் கையில் பதினொரு டொலர் இருந்தது. அரியரத்தினம் அண்ணையோடு வேலை செய்கிற கிரேக்கன் ஒருவன் "நாளைக்கே வேலை இருக்கு, சம்பளமும் கூட" என்று கூட்டிக்கொண்டு போனான். ஆடு மாடு வெட்டுகிற இடம், ரஞ்சிதம்.

வெட்டுவது நானில்லை. நிலத்துக்குத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும், தோலையும் குடலையும் வண்டியில் வைத்துத் தள்ளுவதும் என் வேலை. 'நான் வெட்டவில்லை, நான் வெட்டவில்லை' என்று முதல் மாதம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சப்பாத்துக்கு மேலால் ஓடுகிறதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்லலாம்? எங்கள் வீட்டுப் பக்கம் மீன்காரன் சைக்கிள் மணி கேட்டாலே அப்பா படலையைச் சாத்தச் சொல்லுவார். அந்த வீட்டுப் பிள்ளை நான்.

வேறு யார் குசினியிலும் சாப்பிடவில்லை. சாப்பிடவே முடியவில்லை. சோற்றுக் கோப்பையைக் கிட்டக் கொண்டுபோனால் கையிலிருந்து அந்த மணம் வருகிறது. மூன்று டொலர் என்று எழுதினேனே, அதிலும் பாதியைக் கொட்டினேன். காலையில் ஒருதரம், வேலை முடிந்து இரண்டுதரம், படுக்கமுதல் ஒருதரம் குளிக்கிறேன். வேலை உடுப்பைக் கொதிதண்ணியில் போட்டு, கட்டிச் சவுக்காரம் கரைகிறமட்டும் உரஞ்சுகிறேன். கறை போகவில்லை, மண்ணிறமாக அப்படியே நிற்கிறது. அதுதான் ஒரு டொலர் அறுபது. ஓடிக்கொலோன் கணக்கில் எழுத வெட்கமாயிருந்தது. நல்ல உடுப்பு இரண்டு சோடியை என் அறையிலே வைக்காமல் பவளம் அக்கா வீட்டில் வைத்திருந்தேன். நீர் கண்ட மடிப்பு அவவுடையது.

இந்தக் கையால் எப்படி விளக்கேற்றுவது? இந்தக் கையால் எப்படிப் பிள்ளையைத் தூக்குவது? தூக்கினால் அவள் மூக்கைப் பொத்துவாள் என்று பயந்தேன். நீர் என்னைக் கள்ளன் என்று நினைத்தபோதுகூட, இதைச் சொல்வதைவிட அது பரவாயில்லை என்றிருந்தது. இந்தக் காசில் வாங்கும் வீட்டில் உம்முடைய சுவாமிப்படத்தை எப்படி வைப்பது என்றும் தெரியவில்லை.

எல்லாம் சொல்லிவிட்டேன். போவதென்றால் போம், மறிக்க எனக்கு முகமில்லை. யோகாவிடம் மட்டும் சொல்லும், அப்பாவுக்கு அவளில் கோபமில்லை என்று.

கதிர்காமநாதன்

*

கிளேட்டன்
14.9.1975

இஞ்சேருங்கோ,

சுகம் என்று எழுதமாட்டேன். உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் நானும் சாப்பிடவில்லை. அழுதேன். பிறகு கோபம் வந்தது. ஒரு பெம்பிளை என்றால் சிட்னிக்கு வந்து தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருப்பேன். ஐந்து மாதமாக என்ன என்ன பேசவேண்டும் என்று பாடமாக்கி வைத்திருந்தேன். அத்தனையும் வீணாய்ப் போச்சு.

நான் லோன்றியில் அழுக்குப் பக்கம் என்று மாசியில் எழுதினேன். அழுக்கு என்றால் என்ன அழுக்கு என்று கேட்டீர்களா? அதற்குப் பிறகு எத்தனை கடிதம் எழுதினீர்கள், என் கை எப்படி என்று ஒரு வரி இருந்ததா? ஒப்பரேசன் தியேட்டரிலிருந்தும் பிள்ளைபெறுகிற அறையிலிருந்தும் வருகிற துணியெல்லாம் என் கையால்தான் பிரிபடும். கூடை கூடையாய் வரும். கையுறைக்குள்ளும் ஊறும். முதல்நாள் நானும் சத்தி எடுத்தேன். ஆட்டு இரத்தமும் ஆசுபத்திரி இரத்தமும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும், உங்கள் மனம் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையால்தான் வீட்டுக்கு வந்து குளித்துப்போட்டுப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறேன். அந்தக் கையால்தான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறேன். சுவாமி ஒருநாளும் முகத்தைத் திருப்பவில்லை. நீங்கள்தான் திருப்பினீர்கள்.

யோகாவிடம் சொன்னேன். "தென் ஹீ கான் கேரி மீ நவ்?" என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரியாக்க வேண்டாம்.

ரிக்கற்றை நிற்பாட்டிவிட்டேன். பத்து டொலரைத் திருப்பித் தரமாட்டார்களாம். அதை உங்கள் கணக்கில் எழுதுங்கள், என் கணக்கில் இல்லை. முத்திரையையும் பதினெட்டுச் சதமாக்கிவிட்டார்கள், இனிப் பொய்க் கடிதத்துக்குக் கட்டுபடியாகாது.

அந்த வேலை மார்கழி மட்டும். அதற்கு ஒருநாள் கூடவும் வேண்டாம். முற்பணத்துக்குக் காணாவிட்டால் இன்னொரு வாடகை வீடு பார்ப்போம். கந்தசஷ்டிக்கு இரண்டு நாள் லீவு கேளுங்கள். விளக்கை நீங்கள்தான் ஏற்றவேண்டும். கை கூசினால் நான் பிடிக்கிறேன்.

இனி உங்கள் கணக்கை நானே எழுதுகிறேன். சாப்பாடு ஆறு டொலர். அது குறைந்தால் நான் அங்கே வருவேன். சவுக்காரம் பழையபடி முப்பது சதம், போதும். இரத்தம் பட்ட உடுப்பைக் கொதிதண்ணியில் போட்டால் கறை அவிந்து துணியோடு பிடித்துவிடும், பிறகு ஆண்டவனாலும் எடுக்க முடியாது. லோன்றியில் முதல்நாளே சொல்லித் தருகிற விஷயம் இது. என்னைக் கேட்டிருந்தால் மாசியிலேயே சொல்லியிருப்பேன். பச்சைத்தண்ணியில் ஒரு பிடி உப்புப் போட்டு விடியுமட்டும் ஊறவிடுங்கள். காலையில் கையால் கசக்கினால் தானாய்ப் போய்விடும்.

உப்பு ஒரு பை பன்னிரண்டு சதம்.

உங்கள்,
ரஞ்சிதம்